சரபோஜி மன்னரும் ஆங்கில மடைப்பள்ளியும்

ஒரு நாட்டார் உண்ணும் உணவை மற்றொரு நாட்டார் எள்ளி நகையாடுதல் எஞ்ஞான்றும் உள்ளதோர் இயல்பாகும். அவ்வாறு எள்ளப்படும் உணவுகளுள் ஆங்கிலேயர் உணவே தலையாயது எனின் அதனை மறுப்பார் அரியர். நீரில் அவித்த இறைச்சியும், நீரில் அவித்த கிழங்கும், நீரில் அவித்த கோசும், அவற்றின்மேல் வார்த்ததொரு மாவுக்குழம்புமே அவர்தம் விருந்து என்றும், காரமும் புளிப்பும் இல்லாத அவ்வுணவு நோயாளிக்கு இடும் பத்தியத்தை ஒக்கும் என்றும் நம் தஞ்சை நாட்டார் நகைப்பர். ஒரு சிறு கால்வாய்க்கு அப்பால் வாழும் பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரை அவர் உண்ணும் வாட்டிய மாட்டிறைச்சியின் பெயரிட்டே ஏளனமாய் அழைப்பர். இந்நகைப்பில் கலந்துகொள்ளாது, அவ்வுணவையும் ஒரு பொருளாக மதித்துத் தம் அரண்மனைக்குள் அதற்கு இடம் வகுத்த தமிழ்நாட்டு மன்னர் ஒருவர் இருந்தார். அவரே தஞ்சைச் சரபோஜி மகாராஜா ஆவர். அவருடைய நூல் நிலையத்தைப் புகழ்ந்தோர் பலர். மருத்துவத் தொண்டினைப் போற்றினோரும் பலர். அவருடைய வாழ்வை அடுப்பங்கரை வழியாக நோக்கினார் மிகச் சிலரே. நாம் அவ்வழியே புகுந்து அவர் வரலாற்றைக் காண்போமாக.

சரபோஜி மன்னர் மராட்டிய போன்ஸ்லே குலத்திலே 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் தோன்றினார். தஞ்சையை அந்நாளில் ஆண்ட துளஜா மன்னர் தம் மக்களை இழந்து வருந்தி, 1787-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்சிறுவரைச் சுவீகாரம் செய்துகொண்டு, அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். இறக்குமுன் பிள்ளையை ஒருவரிடம் அடைக்கலமாக ஒப்புவிக்க விரும்பினார். அவர் நாடிய ஒருவர் அரச குலத்தவரும் அல்லர், இந்நாட்டவரும் அல்லர். பிரஷ்ய நாட்டிற் பிறந்து நம் நாட்டிற்கு வந்து தமிழ் கற்றுத் தொண்டு புரிந்த கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் ஐயரே அவர்.

இவ்விடத்தில் ஸ்வார்ட்ஸ் ஐயருடைய உணவைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும்; நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது புறம்பன்று. திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த முறையை நேரிற்கண்ட ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். பழைய கட்டடம் ஒன்றில், படுக்கையும் தாமும் அடங்குமளவினதாகிய ஒரு சிற்றறை. கருஞ்சாயம் தோய்த்த முரட்டுத் துணியாலாகிய அங்கி. இந்நாட்டார் சமைக்கும் வண்ணமே சமைத்த சோறும் காய்கறியும். அவ்வுணவை அவர் முகமலர்ச்சியோடு உண்டாராம். ஐரோப்பியர் ஒருவர் தமிழருடைய சோற்றைச் சலிப்பின்றி உண்டு வாழ்ந்தார். அவர் வளர்த்த தமிழ்நாட்டு மன்னர் ஐரோப்பிய உணவுக்குத் தனி மடைப்பள்ளி அமைத்தார். இவ்விரண்டும் ஒரே மனப்பான்மையின் இரு கிளைகள் என்பது எம் கருத்து.

ஐயர் சோற்றின் அருமையை நன்கறிந்தவர். 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படைகள் காவிரி நாட்டைப் பாழ்படுத்தியபோது தஞ்சைக் கோட்டைக்குள் உணவு அற்றது. வெளியே ஊர்களில் நெல் இருந்தது. அதனைக் கொணர்வார் இல்லை. முன்னர்க் கொடுத்த நெல்லுக்கு விலை பெறாது ஏமாந்த குடிகள் அரசர் வாக்கையும் நம்பவில்லை, கம்பெனியார் வாக்கையும் நம்பவில்லை. ஈற்றில், விலைக்குத் தாம் பிணையென்று ஐயர் எழுதிக்கொடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது. இச்செய்தியைச் சரபோஜி தம் இளமையிலேயே கேட்டிருத்தல் கூடும். அரண்மனையில் அதனை மறந்திருந்தார் எவரும் இரார்.

துளஜாவுக்குப் பின் அவர் உடன்பிறந்தாராகிய அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவரைக் காத்துக் கல்வி அளிப்பதாகக் கூறிய அவர், வெளியார் காணாவகை அரண்மனைக்குள் அடைத்து வைத்தார். எழுத்தறிவும் செவ்வையாக ஊட்டினாரல்லர். ஸ்வார்ட்ஸ் ஐயர் விடாது முறையிட்டதன் பயனாகச் சரபோஜி 1793-ஆம் ஆண்டில் துளஜாவின் தேவியரோடு சென்னைக்கு அனுப்பப்பெற்றார். ஆங்குக் கெரிக்கே ஐயரிடம் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கம்பெனியாரின் பழக்கவழக்கங்களை அவர் அணுகி அறிந்ததும் அக்காலத்தேயாம். சுவீகாரம் செல்லும் என்று பின்னர்த் தீர்ப்பாயிற்று. 1798-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் இலர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலஞ்சென்றார். அவர் கல்லறைமேற் பொறிக்க ஆங்கிலச் செய்யுள் ஒன்றனை மன்னரே இயற்றினார்.

அரியணை கிடைத்தது, அரசு நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியாரைச் சார்ந்தது. மன்னருக்கு எஞ்சியது ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், தஞ்சைக் கோட்டையுமே. காவிரி பாயும் நன்செய் அனைத்தும் அவர் ஆணையினின்றும் நீங்கின. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, மறைக்காடு என்று தேவாரம் பாடிய மூவர் காலத்தில் வழங்கிய எம் வேதாரண்யமும், அதனை அடுத்த உவர் நிலமும், வெயிலில் உப்புத் தானே பூக்கும் அதன் சதுப்பும் கம்பெனியார் கைப்பட்டன. 1805-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் கம்பெனியார் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். தம் முன்னோர் ஆண்ட கடற்கரையில் விளைந்த உப்பு, அவ்வாறு பிறர் வாணிகப் பொருளாயிற்று.

நாடிழந்த மன்னர் பலர் வேட்டையிலும் களியாட்டிலும் காலம் போக்கினர் என்பது வரலாறு. சரபோஜியோ அறிவு நாட்டை ஆளத் தொடங்கினார். ஐரோப்பிய மொழி நூல்கள் நான்காயிரத்துக்கு மேல் வாங்கினார். வாங்கியவற்றில் தம் கையெழுத்திட்டார். 1805-ஆம் ஆண்டில் தேவநாகரி எழுத்தினால் நூல் அச்சிடும் அச்சுக்கூடம் நிறுவினார். தன்வந்திரி மகால் என்னும் மருந்துச் சாலையில் நாட்டு வைத்தியரையும் ஐரோப்பிய முறை அறிந்தாரையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். கண்ணோயாளர் ஒவ்வொருவருடைய நோயும் சிகிச்சையும் கண்ணின் ஓவியத்தோடு எழுதப்பெற்ற ஏடுகள் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. 1826-ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்து அவரைக் கண்ட ஹீபர் அத்தியட்சர், லவாசியர், லின்னேயஸ் முதலிய விஞ்ஞானிகளை இம்மன்னர் எடுத்துப் பேசியதையும், ஷேக்ஸ்பியர் கவிநயத்தை நுணுகி உணர்ந்ததையும், அவரே குதிரையின் குணம் அறிவதிலும் புலி வேட்டையிலும் வல்லவர் என்று ஆங்கிலப் படைத்தலைவர்கள் மதித்ததையும் வியந்து எழுதினார். அதை எழுதிய சின்னாட்களில் அத்தியட்சர் திருச்சிராப்பள்ளியில் உயிர் துறந்தது வருந்தத்தக்கது.

எதனையும் ஏட்டில் எழுதி வைக்கும் இவ்வியல்பு மடைப்பள்ளியையும் விடவில்லை. சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் மராத்திச் சமையல் நூல் இவர் பெயரால் வழங்குகின்றது. தஞ்சை அரண்மனையிலே மூவகை மடைப்பள்ளிகள் இருந்தன: புலால் நீக்கிய அந்தணர் மடைப்பள்ளி ஒன்று, புலால் சமைக்கும் மராட்டியர் மடைப்பள்ளி ஒன்று, ஆங்கில மடைப்பள்ளி ஒன்று. ஒன்றன் கலம் மற்றொன்றிற் புகாது, ஒன்றன் மணம் மற்றொன்றைக் கெடுக்காது, மூன்றும் ஒரே மதிலுக்குள் நடந்தன. ரெசிடெண்டும் படைத்தலைவரும் வழிப்போக்கராய் வரும் துரைமாரும் தம் நாட்டு உணவைத் தம் நாட்டு முறைப்படியே பெறுதல் வேண்டும் என்பது அரண்மனையின் கொள்கை போலும். விருந்தினன் வாய்க்கு நம் சுவையைத் திணிக்காமை விருந்தோம்பலின் ஒரு கூறு என்று நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம்.

இனி ஒன்றை உணர்தல் வேண்டும். சரபோஜி கண்ட ஆங்கில உணவு இன்று நாம் நகைக்கும் உணவன்று. அக்காலத்தில் அதற்கு நற்பெயர் இருந்தது. அந்நற்பெயரை வழங்கியோரும் அயல்நாட்டாரே. பிரெஞ்சு நாட்டினராகிய மிசோன் என்பார் 1698-ல் வெளிவந்த தம் பயண நூலில், புட்டிங் என்னும் பண்டத்தை முதலிற் செய்தவனை மனமார வாழ்த்தியிருக்கின்றார். 1748-ஆம் ஆண்டில் இலண்டனில் தங்கிய சுவீடன் நாட்டுப் பேர் கால்ம், மேற்கூறிய லின்னேயஸின் மாணவர். அவர், இறைச்சியைப் பதமாக வாட்டுதலில் ஆங்கிலேயரை மிஞ்சுவார் இலர் என்று எழுதினார். ஆனால் அவ்வளவில் நின்றாரல்லர். வாட்டிய இறைச்சியும் புட்டிங்கும் நீங்க அவர்க்கு வேறு சமையல் பெரும்பாலும் தெரியாமையால் இத்தேர்ச்சி வியப்பன்று என்று ஒரு குத்தும் குத்தினார். புகழோ பழியோ என்று ஐயுறத்தக்க அவ்வுரையை நாம் படித்து நகைத்தோம். ஆயினும் அதில் உண்மை உண்டு.

ஆங்கிலச் சமையலின் அடிப்படை, பொருளின் இயற்கைச் சுவையை மறையாமை. நம் சமையலோ பல சுவைகளை ஒன்றாக்கிப் புதுச்சுவை காண்பது. நல்ல புல் மேய்ந்த ஆட்டின் தொடையைத் திறந்த நெருப்பின்முன் கம்பியிற் கோத்து மெல்லச் சுழற்றி வாட்டுவர். அதினின்று சொட்டும் கொழுப்பைக் கீழே மாவுக்கரைசலில் ஏந்துவர். அதுவே யார்க்‌ஷயர் புட்டிங். துளியும் வீணாகாத இச்சிக்கனம் ஏழையின் அறிவிற் பிறந்தது. மாவையும் கொழுப்பையும் உலர்ந்த பழத்தையும் துணியில் முடிந்து கொதிநீரில் வேகவிடுவதும் உண்டு. துணியிட்டு இட்டலி அவிக்கும் நம்மவர்க்கு அது விந்தையாகத் தோன்றாது. செட்டர், ஸ்டில்டன் என்னும் ஊர்ப்பெயர்களால் வழங்கும் பாலாடைக்கட்டிகள் பாலை நெடுநாள் காக்கும் கலைக்குச் சான்று. காரம் இன்மையைக் குறையாகக் கூறுவார்க்கு விடை ஒன்றுண்டு. உப்பும் மிளகும் கடுகும் மேசைமேல் உள்ளன. உண்போன் தன் நாவிற்கு ஏற்ப இட்டுக்கொள்க என்பதே அவர் முறை. சமைப்பவன் அளவே அனைவர்க்கும் அளவு என்று அவர் கொள்ளவில்லை. நாமும் இலையின் ஓரத்தில் முதலில் உப்பையன்றோ வைக்கின்றோம்!

அப்பெயர் எப்பொழுது கெட்டது எனின், ஒரு நாளிற் கெட்டதன்று. உழவு நிலத்தைவிட்டு மக்கள் ஆலை நகரங்களிற் குவிந்தபின் பசுங்காயும் புதுப்பாலும் அவர்க்கு அரியவாயின. பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் உப்பிட்ட பன்றியிறைச்சிக்கும் வந்த பங்கீடு, ஒவ்வொரு பண்டமாய்ப் பரவி 1954 ஜூலை வரை நீடித்தது. பதினான்கு ஆண்டுகள் அளந்து உண்ட வீட்டில் சமையற்கலை மெலியாது இருக்குமா? அவ்வேழ்மையைக் கண்டு சென்றோர் அதனையே அந்நாட்டின் இயற்கை எனப் பரப்பிவிட்டனர்.

கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் நிகழ்ந்தன. ஹன்னா கிளாஸ் என்னும் ஆங்கில மாது 1747-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறி ஒன்று உளது. அதற்கு அவர் கூறிய மசாலை மிளகும் கொத்தமல்லி விதையும் அன்றி வேறில்லை. நம் மிளகுத்தண்ணீர் முல்லிகட்டானி என்று உருமாறி ஆங்கிலேயர் மேசையில் சூப்பாக அமர்ந்தது. அச்சொல் ஆங்கிலத்தில் தோன்றிய மிகப் பழைய இடங்களுள் ஒன்று, மைசூரார் கையிற் சிறைப்பட்டுப் பெங்களூரில் மிளகுத்தண்ணீரும் கஞ்சியும் உண்டு வாடிய ஆங்கிலப் போர்வீரர் 1784-ஆம் ஆண்டளவிற் பாடியதொரு பாட்டு. சிறையில் வெறுத்ததை விடுதலை பெற்றபின் விரும்பி உண்டனர் போலும்! தஞ்சை அரண்மனையிலேயே சாம்பார் பிறந்தது என்று வழங்கும் கதையை இங்கே சேர்க்க நாம் துணியவில்லை. அது சுவையான கதை, அவ்வளவே.

கோசு, காரட்டு, பீன்ஸ் முதலியவற்றை இன்றும் நம்மூர்ப் பெண்டிர் இங்கிலீஷ் காய் என்றே வழங்குவர். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் வேதாரண்யக் கடலில் நீராடித் தென்புலத்தார்க்குக் கடன் ஆற்றும் இல்லங்களில் அக்காய்கள் அடுப்பேறா. வாழைக்காயும் அவரையும் புடலுமே ஏறும். மறுநாள் அவ்வில்லத்திலேயே கோசுப் பொரியல் மணக்கும். கிறிஸ்து பிறப்பு நாளில் எம்மனோர் வீடுகளில் கேக்கும் அதிரசமும் ஒரு தட்டில் அமர்ந்து அண்டை வீட்டார்க்குச் செல்லும். மூன்று மடைப்பள்ளி வகுத்த மன்னர் நாட்டில் இவை முரணாகத் தோன்றவில்லை.

நிற்க. துரைமார்க்கு அவர் விரும்பிய உணவை அளித்த சரபோஜி, அத்துரைமாரிடம் வேண்டியது யாது? அதனை அறிய 1801-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ரெசிடெண்டு டோரினுக்கு அவர் விடுத்த முடங்கலை நோக்கல் வேண்டும். இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகிலும் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் தம் மேற்பார்வையினின்றும் நீங்கிக் கம்பெனியார் ஆட்சியுட் சென்றுவிடுமோ என்று அவர் கவன்றார். ஆகவே சத்திரங்களில் நடப்பதை விளங்க எடுத்துரைத்தார். அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டார் ஈறாக எவர் வரினும், எந்நாட்டு யாத்திரிகர் வரினும், சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணலாகாது என்பார்க்கு அரிசியும் மிளகு முதலியனவும் உண்டு. இவ்வாறு நள்ளிரவு மட்டும் படைப்பர். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளரேல் வருக என்று கூவி அழைத்து, அவர்க்கென வைத்த சோற்றை இடுவர். வழியில் நோயுற்றார்க்கு மருந்தும் நோய்க்கேற்ற உணவும் அளிப்பர். குழவிகட்குப் பால் தருவர். கருவுற்ற மகளிரைப் பேணுவர். இறந்தாரை அவரவர் முறைப்படி அடக்குவர். சிறார்க்கு ஆசிரியரும் ஆங்கு உளர்.

தஞ்சை நாடு அறத்தினாலே உலகெங்கும் பெயர் பெற்றது என்றும், அதனைத் தர்மராஜ்யம் என்றே வழங்குவர் என்றும், அப்பெயரால் தம்மை வந்தடையும் புகழே தம் பதவிக்குரிய சிறப்புகளுள் தலைசிறந்தது என்றும் அம்முடங்கலில் மன்னர் உரைத்தார். படை போயிற்று, நிலவரி போயிற்று, அவற்றைக் குறித்து இத்துணை உருக்கமாக அவர் எழுதியது நாம் கண்டிலேம். தம் நாட்டு உணவின் சுவையை அவர் புகழ்ந்தாரல்லர். அது பசித்தவன் எவனாயினும் அவனைச் சென்று சேர்தலையே புகழ்ந்தார். அடுத்த ஆண்டாகிய 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் என்னும் பெண்மணியின் பெயரால் பெருஞ்சத்திரம் ஒன்றைத் தாமே நிறுவினார். அதன் கட்டடம் இன்றும் உளது. அவ்வூர்வழிச் செல்வார் இறங்கிக் காண்க.

எஞ்சிய வரலாறு சுருங்கியது. 1814-ஆம் ஆண்டில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மனோரா என்னும் எட்டு நிலைக் கோபுரத்தைக் கடலோரத்தில் எழுப்பினார். நாட்டைக் கொண்டவர் வெற்றிக்கு நாடிழந்தவர் எழுப்பிய அதனை எவ்வாறு மதிப்பது என்று எமக்கு விளங்கவில்லை. 1820-ஆம் ஆண்டில் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டார். 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் இவ்வுலகு நீத்தார். அவர் மைந்தர் சிவாஜி 1855-ல் ஆண்மகவின்றி இறந்தபோது கம்பெனியார் அரச பதவியையும் அகற்றினர். மூன்று மடைப்பள்ளிகளின் அடுப்பும் அவிந்தன. நூல் நிலையம் மட்டும் 1918-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்று, பாகசாஸ்திர ஏட்டையும் காத்து நிற்கின்றது.

அவர் மறைந்து 98 ஆண்டுகள் சென்றபின், 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், இராஜகோபாலாச்சாரியார் ஏறத்தாழ நூறு தொண்டரோடு திருச்சிராப்பள்ளியினின்றும் எம் வேதாரண்யத்திற்கு உப்பெடுக்க நடந்தார். வழி தஞ்சை மாவட்டத்தினூடே சென்றது. இத்தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்பார் சிறை புகுவர் என்று அந்நாளைய கலெக்டர் தார்ன் துரை பறைசாற்றினார். தர்மராஜ்யம் என்று பெயர் பெற்ற நாட்டில், வழிநடந்து வந்தார்க்குச் சோறிடுதல் குற்றமாயிற்று. ஊரார் வாளா இருந்தாரல்லர். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் இரவில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். இட்டவர் இன்னார் என்று எவரும் கண்டிலர். தொண்டர் அவற்றை அவிழ்த்து உண்டு நடந்து, அம்மாதம் 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் நாள் விடியலில் உப்பை அள்ளினர்.